மோர்ஸ் தேவையில்லை என்றான பிறகு

புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெண் பையோடு வந்து இறங்கினால் அதற்குக் குடி, சூது, மாமியார், இன்னொருத்தி என்று நாலில் ஒரு காரணம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை எடைமேடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் புத்தி போகும். வண்டி ஏறும், எடை காட்டும், எழுதிக்கொள்வேன். எடை காட்டாத பாரம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. 2007 மே மாதத்தில் என் தங்கை விமலாராணி விருத்தாசலத்திலிருந்து பையோடும் மகள் ஜெசியோடும் வந்து சொன்ன காரணம் மட்டும் எந்த மேடையிலும் நிற்கவில்லை.

"ரேடியோ பரீட்சைக்கு மோர்ஸ் வேணாம்னு சொல்லிட்டாங்க அண்ணே," என்றாள். "இனிமே எனக்கு அந்த வூட்ல என்ன வேல இருக்குது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது இன்னும் கூடியது. மோர்ஸ் என்பவன் யார், அவனை வேண்டாமென்று சொன்னது யார், அதற்கு இவள் ஏன் பஸ் ஏற வேண்டும்?

என் மச்சினர் ஞானதாஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் என்னைப் போலத் தலை சுற்றும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. சூளையில் வெந்து இறங்கும் பியூஸ் கட்டையையும் இன்சுலேட்டரையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஒரு சின்னக் கம்பியால் தட்டுவார். நல்ல உருப்படி கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளே விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும், அதைத் தூக்கி ஓரமாகப் போடுவார். காதை வைத்துச் சோறு தின்கிற மனுஷன். வாய்க்கு மட்டும் அவ்வளவாக வேலை கொடுக்க மாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபி நல்லா இருக்குது என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனவர். ஊமையா என்று அப்போது என் மனைவி கேட்டாள். இல்லை, யோசிக்கிற ஆள் என்று நான்தான் சமாளித்தேன்.

இவருக்குப் போய்ப் பேசுகிற கிறுக்குப் பிடித்தது. ஜங்ஷன் ரோட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாலகிருஷ்ணன் என்பவர், ஒரு நாள் கம்பெனிக்கு முட்டை வடிவ இன்சுலேட்டர் வாங்க வந்திருக்கிறார். மாடியில் ஏரியல் கம்பி கட்டுவதற்கு அது வேண்டும். என்ன ஏரியல் என்று இவர் கேட்க, அவர் ஹாம் ரேடியோ என்றிருக்கிறார். அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே வயர்லெஸ் செட் வைத்து, ஊர் பேர் தெரியாத ஆட்களோடு பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது, காசும் கிடைக்காது. அப்புறம் என்னதான் கிடைக்கும் என்று பின்னால் நான் பாலகிருஷ்ணனிடமே கேட்டேன். பேச்சு கிடைக்கும் என்றார் அந்த மனுஷன். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்டுகிற ஞானதாஸ், இந்தப் பேச்சுக்காக எட்டு வருஷம் அலைந்தார்.

லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. கரண்டு, ரேடியோ, சட்டம் பற்றிய கேள்விகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மோர்ஸ். அது ஆள் இல்லை, அவர்கள் வீட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தின் பேர் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பழைய தந்தி ஆபீஸ் சத்தம். குட்டையாக ஒன்று, நீட்டமாக ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் இங்கிலீஷ் எழுத்தாகும். பரீட்சையில் அதை அனுப்பிக் காட்ட வேண்டும். டேப்பில் ஓடவிட்டால் காதால் கேட்டு எழுதவும் வேண்டும். மோர்ஸ் தேறாதவர்கள் பக்கத்து ஊரோடு மட்டும் பேசிக்கொள்ளலாம், தூரத்துக்குப் பேச அனுமதியில்லை என்பது அப்போதைய விதி. பக்கத்து ஊர்க்காரனோடு பேசுவதற்கு பஸ்ஸே போதும் என்று ஞானதாஸ் முடிவு செய்துவிட்டார்.

கேட்டுப் பழக யாராவது அனுப்ப வேண்டுமே, அந்த வேலை விமலாவின் தலையில் விழுந்தது. விரிசல் விட்ட ஒரு பியூஸ் கட்டையின் மேல் பித்தளைத் தகடு வைத்து, அழுத்தினால் பீப் என்று கத்துகிற ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுத்துவாள், அவர் வாசற்படியில் உட்கார்ந்து எழுதுவார். அப்புறம் கருவி கைமாறும், அவர் அழுத்துவார். உலை பொங்கினால் நடுவில் எழுந்து போவாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அழுத்துவாள். என் தங்கை பத்தாவதோடு நின்றவள்தான், இருந்தாலும் சார்ட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்தெல்லாம் அவளுக்கு விரலிலேயே வந்துவிட்டது. நான் எப்போதாவது போனால், வீடு முழுக்க ஒரே பீப் பீப். காபி கேட்டால் இரண்டு பேருக்குமே காதில் விழாது. இது குடித்தனமா, தந்தி ஆபீஸா என்று திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அவ்வளவு பழகியும் மனுஷன் சென்னைக்குப் போய்ப் போய்த் தோற்று வந்தார். கேள்வித்தாளில் பாஸ். அனுப்பிக் காட்டுவதில் பாஸ். கேட்டு எழுதுவதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெயில். பீங்கானில் மயிரிழை விரிசலைச் சத்தத்தில் பிடிக்கிறவர், டேப் ஓடினால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏனென்று அவருக்கே புரியவில்லை. பாலகிருஷ்ணன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் கண்டுபிடித்தார். விமலா ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் கையைத் தூக்குவாள், கண்ணாடி வளையல்கள் சரிந்து கிலுங்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஒரு எழுத்து முடிந்தது, அடுத்தது வருகிறது என்று ஞானதாஸின் காது பிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சென்னை டேப்புக்கு ஏது வளையல்? எல்லா எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

அனுப்பும்போது மட்டும் வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று பாலகிருஷ்ணன் சொன்னாராம். அத மட்டும் சொல்லாதீங்க சார் என்று விமலா எழுந்து உள்ளே போய்விட்டாள். தாலி கட்டினவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் வெறுங்கையாக உட்காருவாள்? நாங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள்தான், அதற்காக இதெல்லாம் இல்லாமல் போய்விடுமா? ஞானதாஸும் வற்புறுத்தவில்லை. வளையலோடு பழகினார், வளையலில்லாமல் தோற்றார்.

பிறகுதான் அரசாங்கம் மனது வைத்தது. உலக அளவிலேயே மோர்ஸ் கட்டாயமில்லை என்று முடிவாகி, இங்கேயும் தளர்த்தினார்கள். எந்த வருஷம் எந்த விதி தளர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சமயத்தில் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். லைசென்ஸே இனி தேவையில்லையாம் என்றார் ஒருவர். லைசென்ஸ் வேண்டும், பரீட்சைதான் இல்லை என்றார் இன்னொருவர். செல்போன் வந்துவிட்டதால் மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சத்தியம் பண்ணினார். பாலகிருஷ்ணன் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னதுதான் உண்மை. மோர்ஸ் தேறாதவர்களும் கேள்வித்தாளில் பாஸ் பண்ணியிருந்தால் தூரத்துக்கு வாயால் பேசலாம். மேலே இன்னொரு கிரேடு இருக்கிறது, அதற்கு மட்டும் மோர்ஸ் உண்டு. இதைச் சொல்லும்போது பாலகிருஷ்ணனின் முகம் சரியில்லை. விரல் தேய அடித்துப் பாஸ் பண்ணினவர் அவர். கோட்டையின் கதவையே கழற்றிவிட்டார்கள் என்று முணுமுணுத்தாராம்.

ஞானதாஸுக்கு லைசென்ஸ் வந்தது. போலீஸ் விசாரணைக்கு ஏட்டு வந்து போனார், தெருவே எட்டிப் பார்த்தது. பழைய செட் ஒன்று வாங்கி, மாடிக் கம்பத்துக்கும் தென்னைக்கும் நடுவே கம்பி இழுத்து, முதல் தடவையாக மைக்கைக் கையில் பிடித்தார். அன்றைக்கு நானும் இருந்தேன். எட்டு வருஷம் ஏங்கின பேச்சு. எங்கிருந்தோ ஒருவர், உங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். விருத்தாசலத்தில் வெயில் என்றார் ஞானதாஸ். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்தவர் கேட்டார், அவருக்கும் வெயில். அந்த ஒரே நாளில் இந்தியா முழுக்க விருத்தாசலத்து வெயிலைத் தெரிந்துகொண்டது. செட்டை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மச்சான், நான் பாஸ் பண்ணிட்டேனா, இல்ல போனாப் போவுதுன்னு விட்டுட்டாங்களா?"

எனக்கு என்ன தெரியும்? லைசென்ஸில் பேர் இருந்தால் பாஸ்தான் மாப்ள என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது நடந்து சில மாதத்தில்தான் விமலா வந்து இறங்கினாள். சும்மா லீவுக்கு வந்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஜெசியைத் தனியாகக் கேட்டேன். அம்மாவும் அப்பாவும் சண்டையே போடவில்லை, பேசிக்கொள்வதே இல்லை, அப்பா செட்டில் பேசுவார், அம்மா அடுப்படியில் இருப்பாள் என்றது பிள்ளை. ஸ்கூல் திறக்க நாள் நெருங்கியது. அவள் கிளம்புகிற வழியைக் காணோம். ஜெசியை இங்கேயே ஸ்கூலில் சேர்க்க முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள் என்றும் தெரிந்தது. கட்டிக்கொடுத்த தங்கை திரும்பி வந்துவிட்டாள் என்றால் காரணம் கேட்பார்கள். ஊருக்கு நான் எதைச் சொல்வது, மோர்ஸையா?

ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி விருத்தாசலம் போனேன். ஞானதாஸ் மாடி அறையில் செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். படியேறும்போதே ஒரு பெண் குரல் கேட்டது. ஞானதாஸ், ஞானதாஸ், கேட்கிறதா என்று வாய் நிறையப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கேக்குது, சொல்லுங்க என்று இவர் பதில் கொடுத்தார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. நாலாவது காரணம் கிடைத்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்தேன் என்றே சொல்லலாம். யார் அவள் என்றேன். மனுஷன் மிரண்டுபோய் மைக்கை என்னிடம் நீட்டினார், பிறகு லைசென்ஸ் இல்லாதவன் பேசக்கூடாது என்று ஞாபகம் வந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டார். உட்கார்ந்து கேளுங்க மச்சான் என்றார். கேட்டேன். பெங்களூரில் ரிடையர் ஆன ஒரு டீச்சரம்மா. முட்டி வலிக்கு என்ன தைலம் போட்டார் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கொச்சியிலிருந்து ஒருவர் அதற்கு வேறு தைலம் சொன்னார். அவரும் இவரை ஞானதாஸ் என்றுதான் கூப்பிட்டார். எல்லோருமே அப்படித்தான். லைசென்ஸில் கொடுத்திருக்கும் அழைப்புக் குறியைச் சொல்லி, பேரைச் சொல்லித்தான் பேச வேண்டுமாம்.

விமலா ஏன் போனாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சண்டையா? இல்லை. ஏதாவது சொன்னீரா? ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அது உண்மை என்று எனக்கே தெரியும். அவர் எங்கே சொன்னார் எதையாவது. பரீட்சை முடிந்துவிட்டதால் அவளைச் சிரமப்படுத்த வேண்டாமென்று அந்தக் கருவியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன், அதற்கு அவள் சந்தோஷம்தானே படவேண்டும் என்று என்னையே கேட்டார். ஆமாம், படத்தான் வேண்டும் என்றேன்.

பெண்ணாடம் திரும்பியதும் விமலாவை உட்காரவைத்துக் கேட்டேன். நான் கேட்ட விதம் நன்றாக இல்லை. அந்தப் பெங்களூர் டீச்சர் மேல் சந்தேகமா என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். அப்புறம் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கருவியில் ஒருவரைக் கூப்பிடுகிறபோது முதலில் அவருடைய குறியை அடிக்க வேண்டும், அப்புறம் தன் குறியை. இது ரேடியோக்காரர்களின் வழக்கம். பரீட்சை பாஸ் பண்ணாத வீட்டில் குறி ஏது? உங்கள் பேரையே வைத்துப் பழகுங்கள் என்று பாலகிருஷ்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆக, தினம் சாயங்காலம் விமலா முதலில் அவர் பேரை அடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத பேர். ஏங்க, இந்தாங்க, ஜெசி அப்பா என்றுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவார்கள். பூசையில் அவருக்காக வேண்டிக்கொள்ளும்போதுகூட ஜெசி அப்பா என்றுதான் வேண்டிக்கொள்வாள்.

"மொத நாளு மூணு தடவ வெச்ச கைய எடுத்துட்டேன் அண்ணே. அவர் பேர அடிச்சேன், ஒடனே என் பேர அடிச்சாரு. அப்புறம் தெனம். உலை வெச்சா சொல்லுவேன், ஜெசி காய்ச்சல்னா சொல்லுவேன், கோவம்னாலும் பேரச் சொல்லித்தான் திட்டுவேன். அவரும் அதுல எவ்ளோ பேசுவாரு தெரியுமா? இப்ப ஊருல உள்ளவங்க எல்லாம் அவர் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. எனக்குத்தான் கூப்பிட வழியில்ல."

இவ்வளவு நாள் அந்த வீட்டில் பீப் பீப் என்று கேட்டதெல்லாம் பரீட்சைக்குப் படிப்பது என்று நினைத்திருந்தேன். இவர்கள் என் காதுக்கு எதிரிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். நான் காபி வரவில்லையே என்று திட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. இதை அந்த மனுஷனிடம் சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்றேன். எப்படிச் சொல்றது, என்னன்னு கூப்பிட்டுச் சொல்றது என்று கேட்டாள்.

நானே போன் பண்ணி ஞானதாஸிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. விமலா கதவோரம் நின்றாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பார் போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பேரச் சொல்லித்தான் கூப்பிடேன். நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? இன்னைலேருந்து தாராளமா கூப்பிடு. எல்லார் எதிர்லயும் கூப்பிடு."

நியாயமான பேச்சு என்று எனக்குப் பட்டது. பிரச்சினை தீர்ந்தது, சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரையும் அனுப்பிவைக்கலாம் என்று என் மனைவியைப் பார்த்தேன். விமலா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம், ஜெசி உட்பட. அவள் கழுத்து வரைக்கும் சிவந்துபோய்த் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க பர்மிஷன் குடுத்துட்டா வாய் வந்துடுமா?" என்றாள். "அது பரீட்சைக்குன்னு இருந்திச்சு, அதனால வந்திச்சு. இப்ப எதுக்குன்னு கூப்பிடுவேன்?"

தடை இருந்தபோது நடந்தது, தடையை எடுத்ததும் நின்றுபோனது. இதில் யாரை என்ன கேட்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஞானதாஸுக்கும் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எதிர்வீட்டில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே வந்து பேசுங்கள் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு அவளையே பார்த்தார்.

"மேல ஒரு கிரேடு இருக்குது. அதுக்கு மோர்ஸ் உண்டு. அத எழுதப்போறேன். நீதான் அனுப்பணும்."

விமலா திரும்பவில்லை. எழுதுங்க, பாஸ் பண்ணுங்க, அப்புறம் மறுபடியும் பரண்ல தூக்கிப் போடுங்க என்றாள்.

"நான் எங்க பாஸ் பண்ணப்போறேன்?" என்றார் ஞானதாஸ்.

தோற்றுப்போவேன் என்று வாக்குக் கொடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிட வந்த ஒரு மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் போய் என் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெசி, துணியெல்லாம் எடுத்து வை என்றாள்.